அவரோடு கதைத்து எத்தனை நாள்?

2019 ஆம் ஆண்டு தொடக்கத்தில் உருத்திரபுரத்தில் எங்கள் மாதர் சங்கக் கூட்டத்துக்கு உளவளத்துணை உத்தியோகத்தர் ஒருவர் வந்திருந்தார். இளம் பிள்ளை. வழக்கம்போல நெருக்கீடு, மன அழுத்தம் என்று பலகையில் எழுதப்போகிறார் என்று நாங்கள் பாயில் சரிந்து இருந்தோம். அவர் ஒன்றும் எழுதவில்லை. "அன்ரிமார், நேற்று உங்கட வீட்டுக்காரரோட என்ன கதைச்சனீங்கள்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

ஒவ்வொருவராகச் சொன்னோம். அரிசி முடிந்தது. கிழமைக் கடன். பிள்ளையின் ரியூசன் காசு. தண்ணீர் இறைக்கிற மெசின் பழுது. மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு போனது. "அதைவிட வேற?" என்றார். "வேற என்ன கதை, பிள்ளை? நாங்கள் என்ன புதுச்சோடியே?" என்றேன் நான். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

வீட்டுக்கு நடந்து வரும்போது கூழாவடியைத் தாண்டியதும் அந்தச் சிரிப்பு எனக்குள் நின்றுவிட்டது. அவரோடு அவரைப் பற்றியோ என்னைப் பற்றியோ கதைத்து எத்தனை நாள் என்று எண்ணிப் பார்த்தேன். எண்ணிக்கை பின்னுக்குப் பின்னுக்குப் போய் 2008 இல் நின்றது.

சகோதரிகளே, அந்த ஆண்டின் கடைசியில் நாங்கள் எந்த வழியால் போனோம் என்று விரித்து எழுதத் தேவையில்லை. உங்களில் பலரும் அதே வழியால் வந்தவர்கள்தான். தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, சுதந்திரபுரம், மாத்தளன். ஒவ்வோர் இடத்திலும் அவர் பங்கர் வெட்டினார், நான் தறப்பாள் கட்டினேன். 2009 பங்குனியில் மாத்தளனில் எங்கள் மூத்தவன் போய்விட்டான். 14 வயது. அவனைக் கொண்டுபோன அதே செல்லின் துண்டுகள் அவருடைய இடது காலில் இன்னும் இருக்கின்றன. பிறகு செட்டிகுளத்து முகாம். ஒரு கூடாரத்துக்குள் மூன்று குடும்பங்கள். புருசன் பெண்சாதி குசுகுசுத்தாலும் அடுத்த பாயில் கேட்கும். ஆகவே வாயைக் குறைத்தோம். சாப்பாட்டு வரிசை, தண்ணீர் வரிசை, பதிவு, காச்சல் மருந்து. இவைதான் பேச்சு.

2010 இல் ஊருக்குத் திரும்பினோம். வளவு முழுக்கப் பற்றை. முதலில் தகரக் கொட்டில். பிறகு இந்திய வீட்டுத் திட்டத்தில் 5,50,000 ரூபா கிடைத்து, எங்கள் கையில் இருந்ததையும் போட்டு ஒரு வீடு எழும்பியது. அறை வந்தது, கதவு வந்தது, கதவுக்குக் கொளுக்கியும் வந்தது. ஆனால் கூடாரத்தில் பழகிய வாய் கூடாரத்து வாயாகவே இருந்துவிட்டது.

நான் மூத்தவனை நினைத்துச் சத்தம் போட்டு அழுகிறவள். அவனுடைய படத்துக்கு முன்னால் விளக்கு வைக்கும்போது அழுவேன், அவனுக்குப் பிடித்த கணவாய்க் கறியைக் கண்டால் அழுவேன். இவர் அழவில்லை. முகாமிலும் அழவில்லை, திவசத்திலும் அழவில்லை. அவனுடைய பேரைச் சொன்னால் எழும்பி முற்றத்துக்குப் போய்விடுவார். இரவில் திடுக்கிட்டு எழும்பி வாசல்படியில் இருப்பார். சின்னவன் பள்ளிக்கூடத்தால் பத்து நிமிடம் பிந்தினால் தடி எடுப்பார். எனக்கு நாளாக நாளாக ஒரு கசப்பு. இந்த மனிசனுக்குப் பிள்ளையில் பாசமே இருந்ததில்லையோ என்றுகூட நினைத்தேன். இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் நினைத்தேன்.

யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தில் பணியாற்றிய உளமருத்துவர் பேராசிரியர் தயா சோமசுந்தரம் 2010 இல் வன்னி மக்களைப் பற்றி ஓர் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார். போர் தனியாளின் மனத்தை மட்டும் காயப்படுத்துவதில்லை, குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே காயப்படுத்துகிறது என்பதுதான் அவர் நெடுகச் சொல்லி வருவது. நித்திரை கெடுவது, சின்னச் சத்தத்துக்கும் திடுக்கிடுவது, சட்டென்று கோபம் வருவது, உணர்வு மரத்துப்போனவர்போல இருப்பது எல்லாம் பெரும் அதிர்ச்சியைக் கண்டவர்களிடம் வரக்கூடிய அறிகுறிகள் என்று எங்களுக்கும் வகுப்புகளில் சொல்லித்தந்தார்கள். கொப்பியில் எழுதினேன். அந்தக் கொப்பியில் எழுதியிருந்த ஆள் என் வீட்டு வாசல்படியில் இருந்ததை நான் காணவில்லை. மரத்துப்போனதை வெறுப்பு என்று பிழையாக வாசித்துவிட்டேன்.

2018 மார்கழி வெள்ளம் உங்களுக்கு நினைவிருக்கும். இரணைமடு வான் பாய்ந்து கிளிநொச்சியே தண்ணீரில் நின்றது. அடுத்த ஆண்டு நாங்களும் சிறுபோகம் விதைத்தோம். சிறுபோகம் என்றால் மழையை நம்ப ஏலாது, குளத்துத் தண்ணீர்தான். வாய்க்காலில் முறைவைத்துத்தான் வரும். எங்கள் முறை அன்று நடுச்சாமத்துக்குப் பிறகு விழுந்தது. வழக்கமாகத் துணைக்குப் போகிற அவருடைய தம்பிக்குக் காய்ச்சல். இந்தக் காலோடு இவரை இருட்டில் வரம்பில் தனிய விட எனக்கு மனமில்லை. சின்னவனை எழுப்பட்டோ என்று கேட்டேன். "அவனை எழுப்பாதையும்" என்று உறுக்கினார். சரி என்று நானே ரோச் லைற்றையும் போத்தலில் தேத்தண்ணியையும் எடுத்துக்கொண்டு பின்னால் போனேன்.

வாய்க்காலை வெட்டிவிட்டால் பிறகு பார்த்திருப்பதுதான் வேலை. வரம்பில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம். ரோச்சை அணைக்கச் சொன்னார், பற்றரி போய்விடுமாம். தண்ணீர் வயலுக்குள் இறங்குகிற சத்தமும் தவளையும்தான். முகம் தெரியாத இருட்டு. கன நேரத்துக்குப் பிறகு, என்னைப் பார்க்காமலே, "சின்னவனுக்கும் இப்ப அவன்ர வயசுதானே" என்றார்.

பத்து ஆண்டுகளில் அவர் வாயால் மூத்தவனைப் பற்றி வந்த முதல் சொல் அது. எனக்குத் தொண்டை அடைத்தது. வழக்கமாக அந்த இடத்தில் நான் அழத் தொடங்கியிருப்பேன். ஏனோ அன்றைக்கு "ஓம்" என்று மட்டும் சொன்னேன். மற்றதெல்லாம் அவரே சொன்னார். அவன் இந்த வாய்க்காலில்தான் நீந்தப் பழகியதை. அன்றைக்குத் தண்ணி அள்ள அவனை அனுப்பியது தான்தான் என்பதை. அதை நான் ஒருநாள் கேட்பேன், கேட்பேன் என்று பயந்துகொண்டே இருந்ததை. "நீர் அழேக்க என்னைத்தான் குற்றம் சொல்லுறீர் எண்டு நினைப்பன். அதுதான் எழும்பிப் போறனான்." அனுப்பியது யார் என்ற கேள்வி என் மனத்தில் ஒருநாளும் வந்ததில்லை. அதைச் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. தேத்தண்ணியை மூடியில் ஊற்றி முதலில் எனக்குத் தந்தார்.

அன்றோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத மாட்டேன். அடுத்த நாளே நான் ஒரு பிழை விட்டேன். ஒரு கதவு திறந்துவிட்டது என்ற அவசரத்தில், சோறு போட்டுக்கொண்டே "இன்னும் என்னென்ன மனசில வச்சிருக்கிறீங்கள், சொல்லுங்கோ" என்று நேருக்கு நேர் கேட்டேன். கோப்பையோடு எழும்பிப் போய்விட்டார். முகத்தைப் பார்த்துக் கேட்டால் அவருக்கு அது விசாரணைபோல. பக்கத்தில் இருந்து, கைக்கு ஒரு வேலையும் இருந்தால் தானாக வரும். வெங்காயம் நறுக்கும்போது, வேலி அடைக்கும்போது, கச்சான் உடைக்கும்போது. இதை நான் கண்டுபிடிக்க ஒரு போகம் சென்றது.

பிறகுதான் அந்த உத்தியோகத்தர் பிள்ளை எனக்கு ஒரு ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்னார். அமெரிக்காவில் சியாற்றில் நகரில், வொஷிங்டன் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஜோன் கொட்மன் 1990களில் புதிதாக மணம் முடித்தவர்களை ஒரு வீடுபோன்ற இடத்தில் தங்கவைத்து, அவர்கள் சும்மா இருக்கும்போது என்ன கதைக்கிறார்கள் என்று கவனித்தாராம். பெரிய காதல் பேச்சுகளை அல்ல. "அங்க பார், ஒரு பறவை" என்று ஒருவர் சொன்னால் மற்றவர் திரும்பிப் பார்க்கிறாரா என்பதை. ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு பார்த்தால், சேர்ந்து வாழ்ந்த சோடிகள் இப்படியான சின்ன அழைப்புகளில் 100க்கு 86 தடவை திரும்பிப் பார்த்தவர்கள்; பிரிந்தவர்கள் 33 தடவைதான்.

எங்கள் வீட்டில் பறவை இல்லை, வானம் இருக்கிறது. இவர் ஒவ்வொரு பின்னேரமும் குசினி வாசலில் வந்து நின்று "மழைக்குணமாக் கிடக்கு" என்பார். நான் அடுப்பைப் பார்த்தபடி "ம்" என்பேன், அல்லது "உடுப்பை எடுங்கோவன்" என்பேன். மனிசன் எனக்கு வானிலை அறிக்கை வாசிக்க வரவில்லை, என்னோடு கதைக்க வந்திருக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் ஓடி வெளித்தது. இப்போது அடுப்பைத் தணித்துவிட்டு வெளியே வந்து நானும் வானத்தைப் பார்க்கிறேன். ஒரு நிமிடம்தான். சோறு ஒன்றும் அடிப்பிடிப்பதில்லை.

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். அவருக்குத் தெரியாமல் நான் ஒரு குழுக்கடன் எடுத்திருந்தேன். முதல் கடனைக் கட்ட எடுத்த இரண்டாம் கடன். கிழமைக்கு ஒருநாள் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் எனக்கு வயிற்றைக் கலக்கும். அவர் வயலுக்குப் போயிருக்க வேண்டுமே என்று நேர்வேன். அவர் தன் பாரத்தை இறக்கிய பிறகு என்னுடையதை ஒளித்து வைத்திருக்க ஏலவில்லை. சொன்னேன். இரண்டு நாள் கதைக்கவில்லை. மூன்றாம் நாள் ஒரு கன்றுக்குட்டியை விற்கலாமோ என்று கேட்டார். காசுக்காரர் வருகிற நாளில் வேறு எந்தச் சண்டையும் தொடங்குவதில்லை என்பது அன்றுமுதல் எங்கள் வீட்டுச் சட்டம்.

படுக்கையைப் பற்றி எங்கள் பெண்கள் எழுத மாட்டார்கள், கிணற்றடியில் மட்டும் கதைப்பார்கள். கூடாரத்துக் காலத்தில் ஏற்பட்ட கூச்சமும் பயமும் எனக்குக் கன காலம் போகவில்லை. கிட்ட வந்தாலே உடம்பு விறைக்கும். அவர் அதை என் வெறுப்பு என்று எடுத்திருக்கிறார். எங்களுக்கு அது தொடங்கிய இடம் தோள் நோவுக்கு அவர் சித்தாலேப்ப பூசிவிட்டதுதான். அதற்கு மேல் ஒன்றும் கேட்காமல் பூசிவிட்டுப் படுத்தார். அதனால்தான் அடுத்த நாளும் பூசச் சொன்னேன். மாதவிடாய் நின்ற வயதில் வலி, வறட்சி வருவது சாதாரணம்; அதற்கு மருந்து இருக்கிறது. எங்கள் குடும்பநல உத்தியோகத்தரிடமோ ஆஸ்பத்திரியிலோ கேட்க வெட்கப்பட வேண்டாம். நான் கேட்டேன்.

சண்டை இல்லாமல் இருக்கிறோமா என்றால் இல்லை. திருக்குறளின் கடைசி அதிகாரம் எது தெரியுமா? ஊடலுவகை. வள்ளுவர் 1330 குறளையும் கொண்டுபோய் முடித்த இடம் புருசன் பெண்சாதி கோபித்துக்கொண்டு பிறகு கூடுவதில். ஊடலை உப்புக்கு ஒப்பிட்டும் சொல்லியிருக்கிறார். கூடினால் கறி கெடும்.

அடி உதை ஊடல் அல்ல. குடித்துவிட்டு அடிக்கிறவரோடு வரம்பில் இருந்து கதை என்று நான் யாருக்கும் சொல்லவில்லை. போரில் கஷ்டப்பட்டவர் என்பதும் அதற்கு நியாயம் அல்ல; நாங்களும்தான் கஷ்டப்பட்டோம். 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றில் பாதுகாப்புக் கட்டளை பெறலாம். 1938 என்ற மகளிர் உதவி இலக்கத்துக்கு அழைக்கலாம். பிரதேச செயலகத்தில் மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தர் இருக்கிறார். அவரிடம் போங்கள்.

இந்தக் கட்டுரையை எழுதலாமோ என்று என் சிநேகிதி ஒருத்தியிடம் கேட்டேன். அவளுடைய கணவர் 2009 இல் காணாமற் போனவர், இன்னும் தேடுகிறாள். அவளுக்கு இது நோகுமே என்றுதான் கேட்டது. கடகத்தை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னாள்: "எழுதடி. நான் வாசிப்பன். ஆனா கோவிச்சுக்கொண்டு படுக்க ஒரு ஆள் பக்கத்தில இருக்கெண்டதையும் சேர்த்து எழுது." எழுதிவிட்டேன்.

போன கிழமை வாய்க்கால் முறை பிரித்தார்கள். எங்களுக்குத் திரும்பவும் இரவு முறைதான். சின்னவன் இப்போது அவரைவிட உயரம்; லீவில் வந்து நிற்கிறான். "அப்பா, நான் வாறன், அம்மா படுக்கட்டும்" என்று மண்வெட்டியை எடுத்தான். அவர் அதை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"நீ படு. கொம்மா வருவா."

நான் தேத்தண்ணிக்கு உலை வைத்தேன்.