கையெழுத்துப் போட்டால் போதுமா?



"முதியோர் கல்வியா? அது என்னடா பெரிய விஷயம்! ஒரு சிலேட்டு, ஒரு சாக்பீஸ், அ, ஆ, இ, ஈ... பத்தே நாளில் கையெழுத்துப் போட வெச்சிடலாம்!" நம் என்.எஸ்.எஸ். அணி இரவு மையம் தொடங்கப் போகிறது என்றதும் விடுதியில் எல்லோரும் சொன்னது இதுதான். பத்து நாளில் கையெழுத்துப் போட வைக்கலாம் என்பது உண்மையே. ஆனால் அதோடு நாம் எழுந்து வந்துவிட்டால், அவர்களுக்கு உதவியை விட உபத்திரவத்தையே அதிகம் செய்தவர்களாவோம். எப்படி என்று சொல்கிறேன்.

கைநாட்டும் கையெழுத்தும்

கைநாட்டு வைப்பவருக்குப் படிக்கத் தெரியாது என்பது எதிரில் இருப்பவருக்குத் தெரியும். பத்திரம் என்றால் படித்துக் காட்டி, சம்மதம் கேட்டு, அதையும் ஒரு வரியாக எழுதுவது வழக்கம். கையெழுத்துப் போடுகிறவரிடம் இந்தக் கேள்வியே வராது. "படிச்சுப் பார்த்துத்தானே போட்டீங்க?" என்று முடித்துவிடுவார்கள்.

எங்கள் மையத்துக்கு ஒரு அக்கா வருகிறார். சித்தாள் வேலை. பெயரை மட்டும் முத்து முத்தாக எழுதுவார். எப்போதோ ஒரு முகாமில் கற்றுக் கொண்டது. பக்கத்து வீட்டுப் பெண் குழுக்கடன் வாங்கும்போது, "சும்மா ஒரு கையெழுத்துக்கா" என்று நீட்டிய தாளில் போட்டுவிட்டார். அது ஜாமீன் தாள்! அந்தப் பெண் ஊரை விட்டே போனபின், வாரா வாரம் தவணைக்காரர் இவர் வாசலில். "கைநாட்டு வெச்சிருந்தா எவனாச்சும் படிச்சுக் காட்டியிருப்பான் தம்பி. கையெழுத்துப் போடத் தெரிஞ்சதுதான் வினையாப் போச்சு" என்றார். நமக்கெல்லாம் இதைவிடப் பெரிய பாடம் வேண்டுமா?

மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் ஏழு வயதுக்கு மேற்பட்ட ஒருவர் ஏதாவதொரு மொழியில் புரிந்துகொண்டு படிக்கவும் எழுதவும் தெரிந்தால்தான் எழுத்தறிவு பெற்றவர். வெறும் கையெழுத்துக்கு அங்கே மதிப்பெண் கிடையாது. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80.09 சதவீதம். பெண்கள் மட்டும் என்றால் 73.44. அதாவது நூறு பெண்களில் சுமார் 27 பேருக்குப் படிக்கத் தெரியாது.

எந்த எழுத்தில் தொடங்குவது?

தமிழ் எழுத்துகள் 247 என்று முதல் நாளே சொன்னால், மறுநாள் பாய் காலியாகத்தான் கிடக்கும்! நாம் டிப்ளமோ மாணவர்கள். இதை ஒரு அட்டவணையாகப் பார்ப்போம். 18 மெய், 12 உயிர். இரண்டும் பெருகினால் 216 உயிர்மெய். தனித்தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியது கொஞ்சம், மீதியெல்லாம் குறிகள்.

நாங்கள் தொடங்கியது ட, ப, ம என்ற மூன்றில். பெரும்பாலும் நேர்கோடுகள், கடப்பாரை பிடித்த கைக்கு 'இ'யின் வளைவை விட இவை எளிது. இவற்றோடு புள்ளியைச் சேர்த்தால் படம், மடம், பட்டம், மட்டம். துணைக்காலைச் சேர்த்தால் பாடம், மாடம், மாமா, பாப்பா, பட்டா! மூன்று எழுத்து, இரண்டு குறி, ஒன்பது சொற்கள். 'மட்டம்' என்று படித்ததும் கொத்தனார் ஒருவர், "அட, நம்ம ரசமட்டம்!" என்று கத்தியே விட்டார்.

கொம்புகளில் கொஞ்சம் நிதானம் தேவை. 'பெ' என்பதில் கொம்பு முன்னால் நிற்கிறது. ஒலியோ பின்னால் வருகிறது. நமக்குப் பழகிவிட்டதால் இந்த முரண் தெரிவதில்லை. கு, து, பு, மு வரிசை எழுத்துக்கு எழுத்து வடிவம் மாறும். ஆகவே அது கடைசியில். 1978-ல் எழுத்துச் சீர்திருத்தம் வந்து ணா, றா, னா, லை போன்றவை பொதுக் குறிக்குள் அடங்கியதால் சுமை கொஞ்சம் குறைந்தது.

வாழ்க்கையில் புழங்கும் சொல்லிலிருந்து எழுத்துக்குப் போவது உலகம் அறிந்த முறை. பிரேசில் நாட்டுக் கல்வியாளர் பாவ்லோ பிரெய்ரே 1963-ல் அங்கிகோஸ் என்ற ஊரில் சுமார் 300 பேருக்கு 40 மணி நேர வகுப்புகளில் கற்பித்தது இப்படித்தான். 'செங்கல்' என்பதற்கான அவர்கள் மொழிச் சொல் போன்றவற்றை எடுப்பார். முதலில் அதைப் பற்றிப் பேச்சு, பிறகு அசை பிரிப்பு, அந்த அசைகளிலிருந்து புதுச் சொற்கள்.

பெரியவர்களைப் பெரியவர்களாக நடத்துங்கள்

அவர்களுக்கு மொழி தெரியும். எழுத்து மட்டும்தான் தெரியாது. 'வாழைப்பழம்' என்று எழுதியதை ஒரு பெரியம்மா 'வாளப்பளம்' என்று வாசித்தால் வாசிப்பு சரியே! அங்கே போய் உச்சரிப்புப் பாடம் நடத்தினால், வாய் மூடிக் கொள்ளும். கணக்கிலும் அப்படியே. எட்டு ஆள் கூலியை மனசிலேயே போட்டுச் சொல்கிறவருக்கு 'ஒன்றும் ஒன்றும் இரண்டு' எதற்கு? எண்ணின் வடிவத்தையும், ஒன்று, பத்து, நூறு இடமதிப்பையும் ரூபாய்த் தாளை வைத்துக் காட்டினால் போதும்.

இன்னொன்று, பலரும் கவனிக்காதது: கண். நாற்பதைத் தாண்டினால் வெள்ளெழுத்து வருவது இயல்பு. ஒரு பெரியவர் பலகையில் படிப்பார், புத்தகத்தில் திணறுவார். மண்டையில் ஏறவில்லை என்று நினைப்போம். கேட்டால், "கண்ணு மங்கலா இருக்குன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு தம்பி" என்பார். முதல் வாரமே கண் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்யுங்கள். ஒரு கண்ணாடி, பத்து வகுப்புக்குச் சமம்.

மையம் ஏன் மூடுகிறது?

நமக்கு அட்டெண்டன்ஸ் குறைந்தால் ஃபைன். அவர்களுக்கு யார் போடுவது? பகலெல்லாம் வெயிலில் நின்றவர் இரவு வருவதே பெரிய காரியம். நேரத்தை அவர்களே முடிவு செய்யட்டும். நாற்று நடவு, அறுவடை நாட்களில் லீவு விடுங்கள். இரண்டு நாள் வராதவரை வீட்டுக்குப் போய், "உடம்புக்கு என்னக்கா?" என்று விசாரியுங்கள், "ஏன் வரலை?" என்று கேட்காதீர்கள்.

இடம் அதைவிட முக்கியம். ஒரு தெருவார் ஏறத் தயங்கும் திண்ணையில் மையம் வைத்தால், யாருக்கு அதிகம் தேவையோ அவர்களே வெளியில் நிற்பார்கள். எல்லோரும் தலைநிமிர்ந்து வரக்கூடிய இடத்தைப் பாருங்கள். கிடைக்காவிட்டால், அந்தத் தெருவுக்கே நாம் போக வேண்டும்.

புதுக்கோட்டை சொன்ன செய்தி

மையம் நடப்பது மட்டும் போதாது. கற்ற எழுத்து அவர்கள் வாழ்க்கையில் எதையாவது அசைக்க வேண்டும். 1990 பிப்ரவரியில் எர்ணாகுளம் நாட்டின் முதல் முழு எழுத்தறிவு மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. அந்த அலை இங்கும் வந்தது. 1991-ல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் அதோடு பெண்களுக்கு சைக்கிள் ஓட்டவும் கற்றுக் கொடுத்தார்கள். எழுத்துக்கும் சைக்கிளுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டவர்கள் உண்டு. சந்தைக்கோ, மையத்துக்கோ, தண்ணீர் எடுக்கவோ, துணைக்கு ஆள் தேடாமல் போய்வர முடிந்ததே, அதுதான் சம்பந்தம்! பல்லாயிரம் பெண்கள் ஓட்டக் கற்றார்கள். கல் குவாரிகளில் உடைத்துக் கொண்டிருந்த பெண்கள் குழுவாகச் சேர்ந்து குவாரியையே குத்தகைக்கு எடுத்தார்கள். கணக்கு நோட்டு தங்கள் கையில் இருக்கும்போது, படிக்கத் தெரிவதன் அருமை தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

பாடப் புத்தகம் முடிந்த பிறகு

1988-ல் தொடங்கிய தேசிய எழுத்தறிவு இயக்கம் வகுத்த கணக்கு மூன்று பாடநூல்கள், சுமார் 200 மணி நேரம். தினம் இரண்டு மணி, வாரம் ஆறு நாள் என்றால் ஏறக்குறைய 17 வாரம். நம் ஒரு செமஸ்டர்தான்! 2022 முதல் 2027 வரைக்கான புதிய பாரத எழுத்தறிவுத் திட்டமும் 15 வயது கடந்தவர்களுக்கு நம்மைப் போன்ற தன்னார்வலர்களை நம்பியே வகுக்கப்பட்டது.

ஆனால் புழங்காத எழுத்து மறந்துபோகும். ஆகவே புத்தகம் முடிந்ததும், வீட்டிலிருக்கும் தாள்களை எடுத்து வரச் சொல்லுங்கள். ரேஷன் கார்டு, பாங்கு பாஸ்புக், கரண்டு பில், மாத்திரை அட்டை, தவணைக் கார்டு, செல்போனில் வரும் குறுஞ்செய்தி. இவைதான் நான்காம் பாடநூல். வாரம் ஒரு சுவரொட்டிச் செய்தித்தாள், அவர்களே சொல்லி அவர்களே எழுதியது, மையத்தின் சுவரில் தொங்கட்டும். பரீட்சையும் இதில்தான். ஒரு தாளை நீட்டி, "இதில் என்ன எழுதியிருக்கிறது? போடலாமா, வேண்டாமா?" என்று கேளுங்கள். "இருப்பா, படிச்சுப் பார்க்கிறேன்" என்று சொல்பவர் பாஸ்!

நண்பர்களே, நாங்கள் இறுதியாண்டு. ஏப்ரலோடு கிளம்பிவிடுவோம். மையத்தில் பதினொரு பேர் இரண்டாம் பாடநூலின் பாதியில் இருக்கிறார்கள். கொம்பு வரிசை வரைக்கும் வந்துவிட்டார்கள்; 'கு, து, பு, மு' பாக்கி. முதலாமாண்டு, இரண்டாமாண்டுத் தம்பி தங்கைகள் நான்கு பேர் வந்தால் போதும். இரவு ஏழரை மணி, ஞாயிறு விடுமுறை. சாக்பீஸ் அங்கேயே இருக்கிறது.

(மூன்றாமாண்டு, அமைப்பியல் துறை)