எடை குறைந்த பயண இருக்கை

எடை குறைந்த பயண இருக்கை என்பது மலையேற்றம், பறவை நோக்கல், வேட்டை ஆகியவற்றின்போது முதுகுப்பையில் வைத்து எடுத்துச் செல்லப்படும் சிறிய இருக்கை ஆகும். வேட்டைக்கு அனுமதி உள்ள நாடுகளில், ஒரே இடத்தில் பல மணி நேரம் அசையாமல் காத்திருப்போர் இதைப் பயன்படுத்துகின்றனர். இந்தியாவில் 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் 1991 ஆம் ஆண்டுத் திருத்தமும் வேட்டையைத் தடுக்கின்றன. எனவே இங்கு மலையேறுவோருக்கும் பறவை நோக்குவோருக்குமே இது பயன்படுகிறது.

வகைகள்

நுரைத் தடுக்கு: பனையோலையிலும் கோரையிலும் முடையப்பட்ட தடுக்கு, தமிழர் வீடுகளில் ஒருவர் அமர்வதற்கான சிறு பாயாக இருந்தது. நீரை உறிஞ்சாத நுரையால் ஆன இன்றைய மடிப்புத் திண்டு அதைப் போன்றதே. இதன் எடை பெரும்பாலும் 100 கிராமுக்கும் குறைவு.

மடக்கு முக்காலி: மூன்று புள்ளிகள் எப்போதும் ஒரே தளத்தில் அமையும் என்பதால், மேடுபள்ளமான தரையிலும் இதன் கால்கள் மூன்றும் தரையைத் தொடும். சாய்மானம் கிடையாது.

மடக்கு நாற்காலி: அலுமினியக் குழாய்ச் சட்டத்தில் துணி மாட்டப்பட்டது. மிக இலகுவானவை சுமார் அரை கிலோ இருக்கும். முதுகுக்குச் சாய்மானம் உண்டு.

தேர்வு செய்தல்

எடையை மட்டும் பார்த்து வாங்குவது போதாது. தரையின் தன்மை, அமரும் நேரம், அமர்பவரின் உடல்நிலை ஆகியவற்றையும் கருத வேண்டும்.

பொம்மையார்பாளையத்துக்கு வடக்கே, வானூர், மரக்காணம் வட்டங்களில் உள்ள கழுவேலி ஏரி 2021 இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அதன் கரையில் பல இடங்கள் சேறானவை. 60 கிலோ எடையுள்ளவர், ஒவ்வொன்றும் 5 சதுர செ.மீ. அடிப்பரப்புள்ள நான்கு கால்கள் கொண்ட நாற்காலியில் அமர்ந்தால், ஒரு சதுர செ.மீ.க்கு 3 கிலோ எடை இறங்கும். கால்கள் சேற்றில் புதையும். 30 செ.மீ. நீளமும் 35 செ.மீ. அகலமும் உள்ள தடுக்கில் அது சுமார் 57 கிராம் மட்டுமே. நாற்காலிதான் வேண்டும் என்போர் கால்களுக்கு அடியில் அகன்ற வட்டுகளையோ விரிப்பையோ இடலாம். பளிச்சென்ற நிறமும் கிறீச்சிடும் மூட்டுகளும் பறவைகளைக் கலைக்கும்.

அதே மாவட்டத்தின் செஞ்சிக் கோட்டையில் நிலைமை வேறு. இராஜகிரியின் படிகளில் ஏறுவோருக்குப் பாறைகளும் மண்டபங்களுமே இருக்கைகள். அங்கு நாற்காலி வீண் சுமை. சூடேறிய கல்லின் மீது போட ஒரு தடுக்கு போதும்.

முழங்கால் வலி உள்ளவர்களுக்குத் தரையோடு ஒட்டிய இருக்கை ஏற்றதல்ல. எழும்போதுதான் சிரமம் தெரியும். ஆகவே வாங்குமுன் கால் மணி நேரம் அமர்ந்து, கையை ஊன்றாமல் எழுந்து பார்ப்பது நல்லது. உற்பத்தியாளர் குறிப்பிடும் தாங்கும் எடை, தம் உடல் எடையைவிடக் கூடுதலாக உள்ளதா என்பதையும் உறுதி செய்ய வேண்டும்.

பராமரிப்பு

கடற்கரை, உவர்நீர்ப் பகுதிகளில் பயன்படுத்திய பின் குழாய் மூட்டுகளை நன்னீரில் கழுவி உலர்த்த வேண்டும். மணலும் உப்பும் தங்கினால் மூட்டுகள் இறுகிவிடும்.