நாற்பது லிட்டர் கடல்

போன மே மாதம் திருநெல்வேலியில் ஒரு கல்யாணம். மும்பை செம்பூரில் என் வீடு ஐந்து நாள் பூட்டிக் கிடந்தது. திரும்பி வந்ததும் பெட்டியைக் கூட இறக்காமல் ஓடிப் பார்த்தது, கூடத்து மூலையில் இருக்கும் 40 லிட்டர் கடல்நீர்த் தொட்டியைத்தான். தண்ணீர் இரண்டு விரல் இறங்கியிருந்தது. கண்ணாடி விளிம்பில் உப்பு பூத்துப் பொருக்குத் தட்டியிருந்தது. பாசி மேய்வதற்காக விட்டிருந்த நத்தைகளில் இரண்டு மணலில் கவிழ்ந்து கிடந்தன. ஒன்றை எடுத்து முகர்ந்தேன். குடலைப் புரட்டியது.

தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. 40 லிட்டருக்கு 1,400 கிராம். அதில் நான்கு லிட்டர் வற்றினால், அதே 1,400 கிராம் 36 லிட்டரில் நிற்கும். லிட்டருக்கு ஏறக்குறைய 39 கிராம். இதே நான்கு லிட்டர் 400 லிட்டர் தொட்டியில் வற்றினால் 35 என்பது 35.4 ஆகும். உள்ளே இருக்கும் உயிர்களுக்குத் தெரியக்கூடத் தெரியாது. சின்னத் தொட்டிதானே, சுலபமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்துத் தொடங்குகிறவர்கள் முதலில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். நான் போடவில்லை, நத்தைகள் செத்தன. இப்போது கண்ணாடியில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு இழுத்திருக்கிறேன். தினமும் காலையில் காபிக்கு முன் அந்தக் கோடு வரை நல்ல தண்ணீர் ஊற்றுகிறேன். உப்புத் தண்ணீர் இல்லை, நல்ல தண்ணீர்.

கடலோர ஊரில் கடல்நீருக்கா பஞ்சம் என்று கேட்பார்கள். தாராவியைப் பாருங்கள். அதன் ஆதிக்குடிகள் கோலி மீனவர்கள். அவர்களுடைய குடியிருப்பான கோலிவாடா இன்றும் அங்கே இருக்கிறது. மாஹிம் கழிமுகத்தை நம்பிப் பிழைத்த ஊர் அது. மிட்டி ஆறு கொண்டுவந்து சேர்க்கும் சாக்கடையால் இன்றைக்கு அங்கே மொண்ட தண்ணீர் ஒரு குடம்கூடத் தொட்டிக்கு ஆகாது. மழைக்காலத்தில் கரையோர நீரில் உப்பும் குறைந்துவிடும். ஆகவே கடலை வீட்டில்தான் தயாரிக்க வேண்டும். குழாயில் வரும் வைதர்ணா, பாத்சா ஏரித் தண்ணீர் குடிக்க நல்லது. ஆனால் அதில் குளோரின் உண்டு. சமையலறை ஆர்.ஓ. கருவிகள் பல, சுவைக்காகத் தாதுக்களைத் திரும்பச் சேர்க்கின்றன. தொட்டிக்கோ, நீரில் கரைந்திருப்பதை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரில் பூஜ்யம் காட்டும் தண்ணீர் வேண்டும். அதில் தொட்டிக்கென்று விற்கும் கடல் உப்பைக் கரைத்து, ஒரு நாள் பம்ப் ஓடவிட்டு, உப்பளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு வைத்து 35 காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். சமையல் உப்பு உதவாது. கடலில் சோடியம் குளோரைடு மட்டுமா இருக்கிறது? கால்சியமும் மக்னீசியமும் வேண்டும்.

மும்பை மே மாதத்து வெக்கை இன்னொரு பாடு. தொட்டி நீர் 24 முதல் 27 டிகிரிக்குள் இருப்பது நல்லது. மின்விசிறியை நீர்மட்டத்தின் மேல் வீசவிட்டால் சூடு குறையும். ஆனால் விசிறி குளிர்விப்பதே தண்ணீரை ஆவியாக்கித்தான். காற்றில் ஏற்கெனவே ஈரம் கனத்திருக்கும் இந்த ஊரில் பலன் குறைவு, வற்றுவது மட்டும் நிற்காது. கட்டுப்படியானால் நீரைக் குளிர்விக்கும் சில்லர் கருவி வாங்குங்கள்.

தண்ணீர் தயாரானதும் மீன் விடக்கூடாது. ஒரு சிட்டிகை மீன் தீனியைப் போட்டு அழுகவிட வேண்டும். அதிலிருந்து வரும் அமோனியாவை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட்டாக்கும், இன்னொரு வகை நைட்ரேட்டாக்கும். இரண்டும் கல்லிலும் மணலிலும் குடியேற நான்கைந்து வாரம் பிடிக்கும். அமோனியாவும் நைட்ரைட்டும் சோதனையில் பூஜ்யம் காட்டும்வரை வெறும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

எந்தக் கல்? 1961-இல் இந்தோனேசிய மீன் வளர்ப்பாளர் லீ சின் எங், கடலிலிருந்து உயிர்களோடு எடுத்த பாறையையே தொட்டியில் வைத்துப் பவளம் வளர்த்த முறையை எழுதினார். உலகம் அதைப் பிடித்துக்கொண்டது. நமக்கு அந்த வழி கிடையாது, இருக்கவும் கூடாது. மன்னார் வளைகுடாவில் பவளப்பாறையை வெட்டிச் சுண்ணாம்புக்கு அனுப்பிய காலம் ஒன்று இருந்தது. அலையைத் தடுக்கும் பாறை போனபின் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்ற இரு தீவுகளும் கடலுக்குள் போயின. 2001-இல் பாறை கட்டும் பவளங்கள் அனைத்தும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் சேர்ந்தன. புலி இருக்கும் பட்டியல் அது. கடற்குதிரையும் அதில் உண்டு. மும்பையிலேயே 2020-இல் கடற்கரைச் சாலைக்காக ஹாஜி அலி, வொர்லி பாறைகளில் இருந்த 18 பவளத் திட்டுகளை, வனத்துறை அனுமதி பெற்று, தேசிய கடலியல் நிறுவனத்தைக் கொண்டு பெயர்த்து வேறிடத்தில் பதித்தார்கள். அரசே கையெழுத்து வாங்கித் தொட வேண்டியதை நாம் பாலிதீன் பையில் வாங்கி வருவதா?

என் தொட்டியில் பவளம் இல்லை. துளைகள் நிறைந்த செயற்கைக் கல், ஒரு கொத்துத் திராட்சைப் பாசி, நத்தைகள், சங்குக்குள் குடியிருக்கும் துறவி நண்டு ஒன்று, ஒரு குட்டிக் கோமாளி மீன். பாசி நைட்ரேட்டைத் தின்று வளர்கிறது. கோமாளி மீனுக்குக் கடல் அனிமோன் கட்டாயம் என்பது சினிமா தந்த நம்பிக்கை. தொட்டியில் பிறந்த மீன் அது இல்லாமல் நன்றாகவே வாழ்கிறது, அனிமோன்தான் இத்தனை சின்னத் தொட்டியில் பிழைக்காது.

தொட்டியில் பிறந்த மீன் என்பதை அழுத்திச் சொல்கிறேன். மண்டபம் என்ற ஊரில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தாரும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தாரும் கோமாளி மீனைக் குஞ்சு பொரிக்க வைத்துக் காட்டிவிட்டார்கள். செம்பூரிலிருந்து தாணே கழிமுகத்தைத் தாண்டினால் ஐரோலி. அங்கேயும் மகாராஷ்டிர வனத்துறையின் அலையாத்திக் காடுகள் அமைப்பு, தேசிய மீன் மரபியல் வள நிறுவனத்தோடு சேர்ந்து இதற்கென்றே ஒரு பொரிப்பகம் வைத்திருக்கிறது. கடலோர மீனவக் குடும்பங்களுக்கு இது வருமானமாக வேண்டும் என்பது நோக்கம்.

ஒரு கடையில், "இது பண்ணையில் பிறந்ததா?" என்று கேட்டேன். "கடலில் பிடித்தது சார், கெட்டியாக இருக்கும்" என்றார் கடைக்காரர். பிடித்த மீன் வலையிலும் பையிலும் பட்ட பாட்டில் பாதி உயிராக வருகிறது. பண்ணைக் குஞ்சோ உலர்தீனிக்குப் பழகியே வருகிறது. அந்தக் கடையில் நான் வாங்கவில்லை. மூன்று வாரம் காத்திருந்து பண்ணைக் குஞ்சு வாங்கினேன். சுண்டு விரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. பையைத் தொட்டி நீரில் மிதக்கவிட்டு, அரை மணி நேரம் கரண்டி கரண்டியாகத் தண்ணீர் மாற்றி இறக்கிவிட்டேன். கல் இடுக்கில் போய் ஒளிந்தது. மறுநாள் காலை கோடு வரை தண்ணீர் ஊற்றும்போது, கைக்கு நேராக வந்து நின்றது.