கூடையில் பந்து போட்டவர் மட்டுமா கெட்டிக்காரர்?

மாத முடிவில் சம்பளக் கணக்கை எழுத உட்காரும்போது ஒவ்வொரு முதலாளியின் மனதிலும் ஒரே கேள்விதான் எழும். இந்த மாதம் யார் நன்றாக வேலை செய்தார்? யாருக்குக் கொஞ்சம் கூட்டிக் கொடுக்கலாம்? யாரை நிறுத்திவிடலாம்?

வவுனியா பஸார் வீதியிலும், கிளிநொச்சியில் ஏ9 வீதியோரத்திலும், 2009க்குப் பின் மீளக்குடியேறிய நம்மவர்கள் முல்லைத்தீவு மாவட்டத்தில் மீண்டும் திறந்த சிறு கடைகளிலும் இந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் பில் புத்தகத்தில்தான் விடை தேடப்படுகிறது. பில் கூடியவர் கெட்டிக்காரர், பில் குறைந்தவர் சோம்பேறி என்று முடிவாகிறது.

இந்தக் கணக்கால் நல்ல ஊழியரை இழந்துவிட்டு, சில மாதங்கள் கழித்து "கடைக்கு என்ன நடந்தது?" என்று யோசிப்பவர்கள் உண்டு. தொழில்முறை விளையாட்டு அணிகளும் ஒரு காலத்தில் இதே பிழையைச் செய்தன. பின்னர் பெரும் பணம் செலவழித்துத் திருத்திக்கொண்டன. அவர்கள் கற்ற பாடம் நமக்கு இலவசமாகக் கிடைக்கிறது.

புள்ளி எடுக்காத வீரர்

அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்துத் தொடரில் 1979-80 பருவத்திலிருந்து மாதத்தின் சிறந்த வீரரைத் தெரிவு செய்கிறார்கள். ஓர் அணி மாதத்துக்குப் பதினான்கு, பதினைந்து ஆட்டங்கள் ஆடும். யார் எத்தனை புள்ளி எடுத்தார் என்பதே நெடுங்காலம் எல்லோர் கண்ணுக்கும் முதலில் பட்டது.

ஹூஸ்டன் ரொக்கெட்ஸ் அணியில் 2006இல் சேர்ந்த ஷேன் பற்றியர் என்ற வீரர் ஆட்டத்துக்குச் சராசரியாகப் பத்துப் புள்ளிகூட எடுக்காதவர். ஆனால் அவர் களத்தில் நிற்கும்போது அணி முன்னேறியது. எதிரணியின் நட்சத்திர வீரரை, அவர் குறி தவறும் இடத்திலிருந்தே பந்தை எறிய வைப்பது பற்றியரின் வேலை. அந்த வேலைக்குப் புள்ளிப் பட்டியலில் இடமில்லை. அணி நிர்வாகம் வேறொரு கணக்கைப் பார்த்ததால்தான் அவருடைய பெறுமதி தெரிந்தது.

அதைக் கூட்டல் கழித்தல் கணக்கு என்று சொல்லலாம். ஓர் ஆட்டம் 48 நிமிடம். ஒரு வீரர் 30 நிமிடம் ஆடினார் என்று வைத்துக்கொள்வோம். அந்த நேரத்தில் அணி 70 புள்ளி எடுத்து 56 கொடுத்தால் அவர் கணக்கு கூட்டல் 14. அவர் வெளியே இருந்த 18 நிமிடத்தில் அணி 4 புள்ளி பின்தங்கியது. ஆட்டத்தில் 10 புள்ளியால் வெற்றி. அவர் சொந்தமாக எடுத்தது 6 புள்ளிதான் என்றாலும், அவர் இல்லாவிட்டால் என்ன நடந்திருக்கும் என்று யோசிக்க வைக்கிறது இந்தக் கணக்கு.

நம் நாட்டிலும் உதாரணம் உண்டு. கூடைப்பந்திலிருந்து பிறந்த வலைப்பந்தில், யாழ்ப்பாணத்து வீராங்கனை தர்ஜினி சிவலிங்கம் 2019இல் லிவர்பூலில் நடந்த உலகக் கிண்ணத்தில் அதிக கோல் போட்டவர். ஆனால் இலங்கை அணி 16 அணிகளில் கடைசிப் படிகளிலேயே நின்றது. அதே தர்ஜினியுடன்தான் இலங்கை 2009இலும் 2018இலும் ஆசியக் கிண்ணத்தை வென்றது. கோல் போடுபவர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும், பந்தை அவர் கைக்குக் கொண்டுவந்து சேர்ப்பவரும் எதிரணியைத் தடுப்பவரும் சேர்ந்துதான் வெற்றி.

கடைக்கணக்கில் பார்ப்போம்

உதாரணத்துக்கு ஒரு ஹாட்வெயார் கடையை எடுப்போம். மாதத்தில் 26 நாள் வியாபாரம். மொத்த விற்பனை 19 இலட்சத்து 60 ஆயிரம் ரூபா. முதலாவது ஊழியர் 9 இலட்சத்துக்கும் இரண்டாமவர் 6 இலட்சத்துக்கும் விற்றார்கள். மிகுதி முதலாளி கையால் விற்றது. மூன்றாமவர் களஞ்சியத்தில் நிற்பவர். அவர் பெயரில் ஒரு பில்லும் இல்லை.

பில் புத்தகத்தின்படி முதலாமவர் சிறந்தவர். ஆனால் அவர் நிற்பது சீமெந்தும் கம்பியும் விற்கும் பக்கம். அங்கே இலாபம் 3 வீதம் என்றால் அவர் கொண்டுவந்தது 27 ஆயிரம். அதிலும் 2 இலட்சத்துக்கான சாமான் கடன் கொப்பியில் நிற்கிறது. இரண்டாமவர் பெயின்ரும் குழாய்ச் சாமானும் விற்கிறார். 15 வீத இலாபத்தில் அவர் கொண்டுவந்தது 90 ஆயிரம். ஆனாலும் முதலாமவரைக் குறைசொல்ல முடியாது. சீமெந்து வாங்க வருபவர்தான் பெயின்ரும் வாங்கிப் போகிறார். அவரை அந்தப் பக்கம் நிறுத்தியதும் முதலாளிதான்.

இனி மூன்றாமவர். அவர் வேலைக்கு வந்த 22 நாட்களில் கடையின் சராசரி விற்பனை நாளுக்கு 78 ஆயிரம். வராத 4 நாட்களில் 61 ஆயிரம். சாமான் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் வாடிக்கையாளரைக் காக்க வைத்ததும், இருந்த பொருளையே இல்லை என்று சொல்லி அனுப்பியதும் காரணமாக இருக்கலாம். "சும்மா நிற்கிறார்" என்று நினைக்கப்பட்டவர் கடையைத் தாங்கி நிற்பவராகவும் இருக்கக்கூடும்.

இதிலும் அவசரம் கூடாது. நாலு நாள் கணக்கு சிறியது. அந்த நாட்களில் மழையோ ஹர்த்தாலோ இருந்திருக்கலாம். மூன்று மாதமாவது சேர்த்துப் பார்த்த பிறகே முடிவுக்கு வரவேண்டும்.

மாதமும் மாதமும் சமமல்ல

வன்னியில் பெரும்போக அறுவடை முடியும் பெப்ரவரி, மார்ச் மாதங்களில் விவசாயி கையில் காசு புழங்கும். நவம்பர், டிசம்பர் மழையில் கட்டட வேலை நின்றுவிடும். மார்ச்சில் கூட விற்றவரைப் புகழ்ந்து டிசம்பரில் அவரையே ஏசுவது நியாயமல்ல. சென்ற வருடத்தின் அதே மாதத்தோடு ஒப்பிடுவதே முறை.

புடவைக் கடைக்காரர்களுக்கு அதுவும் போதாது. நோன்புப் பெருநாள் 2022இல் மே மாத ஆரம்பத்தில் வந்தது. 2025இல் மார்ச் இறுதியிலேயே வந்துவிட்டது. ஏப்ரலை ஏப்ரலோடு ஒப்பிட்டால் கணக்குப் பிழைக்கும். றமழானை றமழானோடு ஒப்பிட வேண்டும்.

வாய்ப்புக் கிடைத்ததா?

சர்வதேச கிரிக்கெட் சபை 2021 ஜனவரியிலிருந்து மாதத்தின் சிறந்த வீரரைத் தெரிவு செய்துவருகிறது. நம் நாட்டின் கமிந்து மெண்டிஸ் 2022 ஜூலையில் காலியில் முதலாவது டெஸ்ட் ஆடி 61 ஓட்டம் எடுத்தார். அடுத்த டெஸ்ட் அவருக்குக் கிடைத்தது 2024 மார்ச்சில். அதில் இரண்டு இன்னிங்ஸிலும் சதமடித்து அந்த மாதத்தின் சிறந்த வீரரானார். செப்டெம்பரில் மீண்டும் ஒருமுறை அதே விருது. இடையில் ஒன்றரை வருடத்துக்கு மேலாக டெஸ்ட் கணக்கில் அவர் பெயரே இல்லை. திறமை இல்லாததால் அல்ல, இடம் கிடைக்காததால்.

நம் கடையின் பின்பக்கத்தில் மூட்டை தூக்கும் பிள்ளையை ஒரு மாதமாவது முன்னுக்கு நிறுத்திப் பார்த்தோமா?

ஒரே தராசு

இதற்குக் கணினி தேவையில்லை. ஒரு கொப்பி போதும். ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி மாதாமாதம் ஐந்து விடயங்களை எழுதலாம்.

1. வேலைக்கு வந்த நாட்கள்.
2. விற்பனைத் தொகை, அதில் கிடைத்த இலாபம், கடனில் நிற்கும் தொகை.
3. பிழைகள்: பிழையான பில், திரும்பி வந்த சாமான், உடைவு.
4. பில்லில் தெரியாத வேலை: களஞ்சியம், சாமான் இறக்குதல், கடன் அறவிடுதல், புதியவருக்குப் பழக்குதல்.
5. அவர் வந்த நாளிலும் வராத நாளிலும் கடை விற்பனை.

எழுதியதை ஊழியருக்கும் காட்டுங்கள். தன்னை எதை வைத்து அளக்கிறார்கள் என்று தெரியாதவர் எதைத் திருத்துவார்? பில்லை மட்டும் அளந்தால் அவர் பில்லை மட்டுமே பார்ப்பார். வந்தவருக்கெல்லாம் கடன் கொடுத்தாவது தொகையைக் கூட்டிவிடுவார்.

நம் கடைகளில் மச்சானின் மகனும் வேலை செய்கிறார், அயல் கிராமத்துத் தமிழ்ப் பிள்ளையும் வேலை செய்கிறார். சொந்தக்காரருக்கு ஒரு கொப்பி, மற்றவருக்கு ஒரு கொப்பி என்று இருக்கக் கூடாது. அளவையில் மோசடி செய்வோரைக் கண்டிக்கவென்றே குர்ஆனில் முதஃப்பிஃபீன் என்று ஓர் அத்தியாயம் உண்டு. அரிசியை அளக்கும்போது அதை நினைக்கும் நாம், ஒரு மனிதனின் ஒரு மாத உழைப்பை அளக்கும்போதும் நினைக்க வேண்டும். அதுவும் அமானிதம்தான். அதில் குறை வைத்தால் அந்தக் குடும்பத்தின் அடுப்பும் பாதிக்கும், நம் கல்லாவின் பரகத்தும் குறையும்.

வரும் மாத முதலாம் திகதியே கொப்பியைத் திறவுங்கள். மூன்று மாதம் கழித்துப் பாருங்கள். உங்கள் கடையின் உண்மையான கெட்டிக்காரர் யார் என்று தெரியவரும், இன்ஷா அல்லாஹ்.