கீமோவுக்கு முன்னாடி போடும் அந்த ஊசி எதுக்கு? வாந்தியைத் தடுக்கும் மருந்துகள் வேலை செய்வது எப்படி?

கீமோதெரபி வார்டில் புற்றுநோய் மருந்து ஏறுவதற்கு அரை மணி நேரம் முன்பே நர்ஸ் வேறு சில ஊசிகளைப் போட்டுவிடுவார். 'மெயின் மருந்து எப்போ சிஸ்டர்?' என்று கேட்டுக்கொண்டிருக்கும் உறவினர்கள் பலரும் இதைக் கவனிப்பதே இல்லை. ஆனால், அடுத்த ஐந்து நாட்களுக்கு நோயாளியால் சாப்பிட முடியுமா என்பது பெரும்பாலும் இந்த ஊசிகளின் கையில்தான் இருக்கு.

சிஸ்பிளாட்டின் மருந்தையே எடுத்துக்கொள்வோம். தடுப்பு மருந்து இல்லாமல் ஏற்றினால் 100-ல் 90 பேருக்கு மேல் வாந்தி வரும். வாந்திக்குப் பயந்தே சிகிச்சையைப் பாதியில் விட்டவர்களும் உண்டு.

வாந்தி ஏன் வருது?

சாப்பாடு ஒத்துக்காமல் வரும் வாந்தி இல்லை இது. கீமோ மருந்து குடலில் உள்ள சில செல்களைத் தாக்கும்போது, அவை செரோடோனினை வெளியே கொட்டுகின்றன. அது வேகஸ் நரம்பைத் தூண்ட, 'உள்ளே விஷம் வந்துடுச்சு' என்று மூளைக்குத் தகவல் போகிறது. மூளை உடனே வாந்தியைக் கிளப்பிவிடுகிறது.

1991-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஒண்டான்செட்ரான், செரோடோனின் ஒட்ட வேண்டிய இடத்தில் முந்திக்கொண்டு போய் உட்கார்ந்துகொள்ளும். அதனால்தான் வாந்தி வருவதற்கு முன்பே போடுகிறார்கள். இதே வகையைச் சேர்ந்த பாலோனோசெட்ரான் உடலில் பாதியாகக் குறையவே சுமார் 40 மணி நேரம் ஆகும்.

வீட்டுக்குப் போன பிறகு?

சிக்கலே இங்கேதான். முதல் நாள் நன்றாக இருந்தவருக்கு இரண்டாவது, மூன்றாவது நாளில் குமட்டல் ஆரம்பிக்கலாம். இதற்கு முக்கியக் காரணம் மூளையில் வேலை செய்யும் 'சப்ஸ்டன்ஸ் பி' என்ற வேறொரு பொருள். அதைத் தடுக்க ஃபோசாப்ரெபிடன்ட் ஊசி இருக்கிறது. கூடவே டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் சேரும். வீட்டில் சாப்பிட ஓலன்சபின் மாத்திரையும் தரலாம். 'இது மனநல மாத்திரையாச்சே' என்று பயந்து நிறுத்திவிட வேண்டாம், குமட்டலுக்கும் அது நன்றாகவே கேட்கும்.

பக்கவிளைவு உண்டா?

உண்டு. ஒண்டான்செட்ரானால் தலைவலியும் மலச்சிக்கலும் வரலாம். அளவு கூடினால் இதயத் துடிப்பின் சீர் கெடலாம் என்பதால், நரம்பு வழியாக ஒரே தடவையில் 16 மில்லிகிராமுக்கு மேல் போடக்கூடாது. ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றிவிடும், தூக்கத்தையும் கெடுக்கும். சர்க்கரை நோயாளிகள் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிடணும்.

'கீமோன்னா வாந்தி வரத்தான் செய்யும்' என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கத் தேவையில்லை. எந்த நாள், எத்தனை முறை வாந்தி வந்தது என்று செல்போனில் குறித்து வைத்துக் காட்டினால், அடுத்த சைக்கிளில் மருந்தை மாற்றவோ கூட்டவோ டாக்டரால் முடியும். தண்ணீர்கூட உள்ளே தங்கவில்லை, சிறுநீர் குறைகிறது என்றால் அடுத்த சைக்கிள் வரை காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போகணும்.