உங்கள் வீட்டுக் குப்பை எங்கே போகிறது?

காலை ஏழு மணி. பல் தேய்த்துக்கொண்டே வாசலுக்கு வருகிறீர்கள். தெருமுனையில் விசில் சத்தம்! தொட்டிகளை ஏற்றிக்கொண்டு குப்பை வண்டி மெதுவாக வருகிறது.

"சீக்கிரம் குப்பையைக் கொடுத்துட்டு வாடா கண்ணா, வண்டி போயிடப் போகுது!" என்று சமையலறையிலிருந்து அம்மா குரல் கொடுக்கிறார். நீங்களும் ஓடிப் போய்ப் பையைக் கொடுத்துவிட்டு வருகிறீர்கள். அவ்வளவுதான், வேலை முடிந்தது!

உங்களுக்கு வேலை முடிந்தது, சரி. குப்பைக்கு? அதற்கு இப்போதுதான் பயணமே ஆரம்பம். வாங்க குட்டீஸ், அதோடு நாமும் ஒரு சுற்று போய் வருவோம்!

பையில் யார் யார்?

முதலில் பையைப் பிரித்துப் பார்ப்போம். வாழைப்பழத் தோல், காய்கறிக் கழிவு, டீத்தூள், பால் பாக்கெட், நீங்கள் கிறுக்கிய கணக்கு நோட்டுத் தாள், குளிர்பான அலுமினிய டின், சிப்ஸ் பாக்கெட், கை தவறி உடைந்த கண்ணாடி டம்ளர், கடிகாரத்திலிருந்து கழற்றிய பழைய பேட்டரி. அப்பப்பா, எத்தனை பேர்!

இவர்கள் ஒவ்வொருவரும் போக வேண்டிய ஊர் வேறு வேறு. ஒருவர் செடிக்கு உரமாகப் போக வேண்டியவர். ஒருவர் காகித ஆலைக்குப் போக வேண்டியவர். இன்னொருவர் உலோகம் உருக்கும் உலைக்கு. ஆனால், எல்லாரையும் ஒரே பையில் போட்டு முடிச்சுப் போட்டால் என்ன ஆகும்?

கணக்கு நோட்டுத் தாள் மீது மீந்த சாம்பார் கொட்டும். ஊறிப் போன தாளைப் பழைய பேப்பர் கடைக்காரர் வாங்க மாட்டார். காய்கறிக் கழிவுக்குள் கண்ணாடித் துண்டு கலந்துவிட்டால், அதை உரமாக்க முடியாது. நல்ல பயணிகள் எல்லாரும் கெட்டுப் போய், கடைசியில் ஒரே இடத்துக்குப் போவார்கள். அது எந்த இடம்? குப்பைமேடு!

ஒரு நாளைக்கு ஆயிரம் யானை!

சென்னையில் மட்டும் ஒரு நாளைக்கு 5,000 டன்னுக்கும் அதிகமான குப்பை சேருகிறது. நன்றாக வளர்ந்த ஆண் யானை ஒன்று சுமார் 5 டன் எடை இருக்கும். அப்படியானால் தினமும் ஆயிரம் யானை எடைக்குக் குப்பை! நாளைக்கும் ஆயிரம். நாளை மறுநாளும் ஆயிரம்.

சென்னையின் தெற்கே பெருங்குடி, வடக்கே கொடுங்கையூர் என இரண்டு பெரிய குப்பைக் கிடங்குகள் உண்டு. பல ஆண்டுகளாகக் கொட்டிக் கொட்டி, குப்பை மலை போல உயர்ந்துவிட்டது. பெருங்குடிக் கிடங்கு இருக்கும் இடம் எது தெரியுமா? பள்ளிக்கரணை சதுப்பு நிலம்!

சதுப்பு நிலம் என்பது வீணாகக் கிடக்கும் சேற்று நிலம் அல்ல. மழைக்காலத்தில் சுற்றியுள்ள ஏரிகளிலிருந்து வழிந்து வரும் தண்ணீரை அது பஞ்சு போலத் தாங்கிக்கொள்ளும். பிறகு மெல்ல மெல்லக் கடலுக்கு அனுப்பும். பூநாரை, கூழைக்கடா போன்ற பறவைகளுக்கு அது சாப்பாட்டுக் கூடம். 2022-ஆம் ஆண்டு பள்ளிக்கரணைக்கு உலக அளவில் முக்கியமான சதுப்பு நிலம் என்ற 'ராம்சர்' தகுதி கிடைத்தது. அதே 2022-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதக் கடைசியில், பெருங்குடிக் கிடங்கில் தீப்பிடித்தது. அணைக்கப் பல நாட்கள் ஆயின. சுற்றுப்புறத்தில் இருந்தவர்கள் புகையில் திண்டாடினார்கள்.

குப்பை ஏன் எரிகிறது?

யாரும் தீ வைக்காமலேகூடக் குப்பைமேடு எரியலாம். எப்படி? வாழைப்பழத் தோல் காற்றோட்டமுள்ள இடத்தில் மக்கினால் நல்ல உரமாகும். ஆனால் பத்தடி குப்பைக்கு அடியில் காற்றே இல்லாமல் புதைந்து கிடந்தால்? அங்கே வேறு வகை நுண்ணுயிர்கள் அதைத் தின்னும். அப்போது மீத்தேன் என்ற வாயு வெளிவரும். மீத்தேன் எளிதில் தீப்பற்றும். உள்ளே அழுகும் குப்பை சூடாகும். மேலே வெயில் வேறு. கேட்கவா வேண்டும்?

எரியாவிட்டாலும் மீத்தேன் சும்மா இருப்பதில்லை. பூமியைச் சூடாக்குவதில் அது கரியமில வாயுவைவிட இருபது மடங்குக்கும் மேல் கில்லாடி.

இதே மீத்தேனை மூடிய தொட்டியில் பிடித்தால் என்ன கிடைக்கும் தெரியுமா? அடுப்பு எரிக்கும் சாண எரிவாயு போன்ற எரிவாயு! ஒரே வாழைப்பழத் தோல்தான். சரியான இடத்துக்குப் போனால் எரிபொருள். தவறான இடத்துக்குப் போனால் தொல்லை.

சரி, பழைய குப்பை மலையை என்ன செய்வது? அதைத் தோண்டி, பெரிய பெரிய சல்லடைகளில் சலிக்கிறார்கள். மண் தனி, கல் தனி, பிளாஸ்டிக் தனி எனப் பிரிக்கிறார்கள். எரியக்கூடியதைச் சிமென்ட் ஆலைகளுக்கு எரிபொருளாக அனுப்புகிறார்கள். பெருங்குடியில் இந்த வேலை கோடிக்கணக்கான ரூபாய் செலவில் நடந்தது. வீட்டில் ஐந்து விநாடியில் பிரித்திருக்க வேண்டியதை, பல ஆண்டுகள் கழித்து இயந்திரம் வைத்துப் பிரிக்க வேண்டியதாயிற்று!

சரியான ஊருக்கு டிக்கெட்!

இப்போது அதே பயணிகளைப் பிரித்து அனுப்பிப் பார்ப்போமா?

வாழைப்பழத் தோல், காய்கறிக் கழிவு, டீத்தூள்: இவை மக்கும் குப்பை. நம் நாட்டு நகரங்களில் சேரும் குப்பையில் ஏறக்குறைய பாதி இந்த வகைதான். இவை உரம் தயாரிக்கும் மையத்துக்குப் போகும். அங்கே கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் விருந்து சாப்பிடும். அவை மும்முரமாக வேலை செய்யும்போது உரக் குவியலுக்குள் கை வைக்க முடியாத அளவு சூடு இருக்கும். 60 டிகிரி செல்சியஸ்கூடத் தொடும்!

நோட்டுத் தாள்: தண்ணீரில் ஊற வைத்துக் கூழாக்கி, மறுபடியும் காகிதமாகவோ அட்டைப் பெட்டியாகவோ மாற்றுவார்கள். கடையில் முட்டை அடுக்கி வைக்கும் சாம்பல் நிற அட்டையைப் பார்த்திருப்பீர்களே? அது பழைய காகிதக் கூழில் செய்ததுதான். ஒவ்வொரு முறை கூழாக்கும்போதும் காகித நார் குட்டையாகிக்கொண்டே வரும். ஆகவே காகிதத்துக்கு ஐந்து, ஆறு பிறவிகள்தான்.

அலுமினிய டின்: இதற்கு எத்தனை பிறவி வேண்டுமானாலும் உண்டு! தாதுவிலிருந்து புதிதாக அலுமினியம் எடுக்க ஏகப்பட்ட மின்சாரம் தேவை. பழைய டின்னை உருக்கிச் செய்தால் சுமார் 95 சதவீத ஆற்றல் மிச்சம்.

பால் பாக்கெட்: கழுவிக் காய வைத்தால், பழைய பேப்பர் கடையில் எடைக்கு எடுத்துக்கொள்வார்கள். கழுவாமல் போட்டால், புளித்த வாடையும் எறும்பும்தான் மிச்சம்.

பழைய பேட்டரி: இதற்குள் ரசாயனங்கள் இருக்கின்றன. மண்ணில் கிடந்து துருப்பிடித்தால் அவை கசிந்து நிலத்தடி நீரில் கலக்கலாம். செல்போன் பேட்டரி நசுங்கினால் தீப்பிடிக்கவும் கூடும். பல்பு, பேட்டரி, காலாவதியான மருந்து ஆகியவற்றை ஒரு தனி டப்பாவில் சேர்த்து, இது என்ன என்று சொல்லித் தனியாகக் கொடுக்க வேண்டும். பாப்பாவின் டயப்பரையும் காகிதத்தில் சுற்றித் தனியாகவே தர வேண்டும்.

வீட்டிலேயே குப்பையைப் பிரித்துத் தர வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டே மத்திய அரசு விதி கொண்டுவந்தது. அதனால் இது நல்ல பழக்கம் மட்டுமல்ல, நம் கடமையும்கூட.

டிக்கெட் கிடைக்காத பயணி

ஒருவரை விட்டுவிட்டோமே! சிப்ஸ் பாக்கெட். உள்ளே வெள்ளி போல மின்னும் அதைக் கவனித்திருக்கிறீர்களா? மெல்லிய பிளாஸ்டிக் தாள்களோடு, கண்ணுக்கே தெரியாத அளவு மெல்லிய அலுமினியப் பூச்சு சேர்ந்தது அது. காற்றும் ஈரமும் புகாமல் சிப்ஸை மொறுமொறுப்பாக வைக்க இந்த ஏற்பாடு. ஆனால், ஒட்டிய இவற்றைத் தனித்தனியாகப் பிரிப்பது மிகவும் கடினம். அதனால் பழைய பேப்பர் கடைக்காரர் இதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

இப்படிப்பட்ட பிளாஸ்டிக்கை என்ன செய்யலாம் என்று மதுரையில் ஒருவர் யோசித்தார். தியாகராஜர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் வாசுதேவன். சாலை போடும் ஜல்லியை நன்றாகச் சூடாக்கி, அதன் மேல் துண்டு துண்டாக வெட்டிய பிளாஸ்டிக்கைத் தூவினார். பிளாஸ்டிக் உருகி, ஜல்லியின் மேல் மெல்லிய பூச்சாகப் படிந்தது. அதோடு தாரைக் கலந்து சாலை போட்டபோது, தண்ணீர் உள்ளே இறங்குவது குறைந்தது. சாலையும் உறுதியாக இருந்தது. இந்தக் கண்டுபிடிப்புக்காக 2018-ஆம் ஆண்டு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. சபாஷ்!

ஆனாலும் எல்லா பாக்கெட்டும் சாலைக்குப் போய்ச் சேர்வதில்லை. ஆகவே, வாங்கும்போதே ஒரு நிமிடம் யோசிப்பது நல்லது. முறுக்கும் கடலை உருண்டையும் பாட்டி கையால் கிடைக்கும்போது பாக்கெட் எதற்கு?

நாற்பதுக்கும் மேற்பட்ட வகையாகப் பிரிக்கும் ஊர்

இரண்டு வகையாகப் பிரிக்கவே அலுத்துக்கொள்கிறீர்களா? ஜப்பானில் கமிகாட்சு என்று ஒரு சின்ன மலைக் கிராமம் இருக்கிறது. மக்கள் தொகை 1,500 பேருக்கும் குறைவுதான். அங்கே குப்பையை நாற்பதுக்கும் மேற்பட்ட வகையாகப் பிரிக்கிறார்கள்! பாட்டிலின் மூடி தனி, பாட்டில் தனி. குப்பை வண்டியும் வீட்டுக்கு வராது. ஊர் மக்களே மையத்துக்குக் கொண்டுபோய், அந்தந்தப் பெட்டியில் போட வேண்டும். தனக்கு வேண்டாத சட்டை, பாத்திரங்களை அங்குள்ள கடையில் வைத்துவிட்டுப் போனால், வேண்டியவர்கள் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம்.

2020-க்குள் எரிக்கவோ புதைக்கவோ ஒரு குப்பையும் மிஞ்சக் கூடாது என்று 2003-ஆம் ஆண்டு அந்த ஊர் உறுதி எடுத்தது. நூற்றுக்கு நூறு கிடைக்கவில்லை. ஆனால் 80 மதிப்பெண் வாங்கிவிட்டது! மீதி 20 ஏன் போயிற்று? டயப்பர் போன்ற, திரும்பப் பயன்படுத்த வழியே இல்லாத பொருட்களால்தான். பிரிப்பது நம் வேலை. பிரிக்கக்கூடிய மாதிரி பொருளைத் தயாரிப்பது தொழிற்சாலைகளின் வேலை. இருவரும் சேர்ந்தால்தான் சதம் அடிக்க முடியும்.

நீங்களே உரம் செய்யலாம்!

தேவை: அடியிலும் பக்கத்திலும் சிறு ஓட்டைகள் உள்ள ஒரு மண் தொட்டி, காய்ந்த இலைகள், கொஞ்சம் புளித்த மோர்.

1. தொட்டியின் அடியில் காய்ந்த இலைகளைப் பரப்புங்கள்.

2. அன்றன்று சேரும் காய்கறி, பழத் தோல்களைச் சிறு துண்டுகளாக்கிப் போடுங்கள். கறி, மீன் வேண்டாம்.

3. மேலே ஒரு கைப்பிடி காய்ந்த இலையால் மூடுங்கள். வாரம் ஒரு முறை சிறிது மோர் தெளித்துக் கிளறி விடுங்கள்.

4. நாற்றம் வந்தால் ஈரம் அதிகம் என்று அர்த்தம். இன்னும் கொஞ்சம் காய்ந்த இலை போடுங்கள். ஒரேயடியாகக் காய்ந்திருந்தால் தண்ணீர் தெளியுங்கள்.

தொட்டி நிறைந்த பிறகு இரண்டு மாதம் பொறுங்கள். மழை பெய்த மண் வாசனையோடு கறுப்பு உரம் தயார்! அதைப் போட்ட ரோஜாச் செடியைப் பார்த்துக்கொண்டே இருங்கள்.

கடைசியாக ஒரு விஷயம்

உடைந்த கண்ணாடி டம்ளரை நாம் இன்னும் அனுப்பவில்லையே? வேண்டுமென்றேதான் கடைசிக்கு வைத்தோம்.

நீங்கள் பிரிக்காமல் கொடுத்த பையையும் யாரோ ஒருவர் பிரித்துத்தான் ஆக வேண்டும். அவர் உங்கள் தெருவுக்கு வரும் தூய்மைப் பணியாளர். அழுகிய சாதத்துக்கு நடுவே கை விடும்போது, உள்ளே கண்ணாடித் துண்டு இருப்பது அவருக்குத் தெரியாது. கை கிழிந்தால் அன்றைய வேலை போகும். புண்ணில் கிருமி சேர்ந்தால் பல நாள் அவதி. அவருக்கும் வீட்டில் உங்களைப் போல ஒரு பிள்ளை இருக்கலாம், இல்லையா?

அதனால் உடைந்த கண்ணாடியையும் பிளேடையும் பெரியவர்களிடம் சொல்லி, கெட்டியான செய்தித்தாளில் நாலைந்து சுற்று சுற்றச் சொல்லுங்கள். அதன் மேல் பெரிய எழுத்தில் 'கண்ணாடி' என்று நீங்களே எழுதுங்கள்.

நாளைக் காலை விசில் சத்தம் கேட்கும்போது, ஒரு பைக்குப் பதில் இரண்டு பைகளோடு ஓடுங்கள். பொட்டலத்தைக் கையில் கொடுத்து, "அக்கா, இதுல கண்ணாடி இருக்கு, பார்த்து!" என்று சொல்லுங்கள். அவர் முகத்தைக் கொஞ்சம் கவனியுங்கள்.

என்ன குட்டீஸ், நாளைக்கே ஆரம்பித்துவிடலாமா?