நீருக்கடியில் ஒரு கல்வெட்டுக் கூடம்

கல்வெட்டு என்பது தான் நிற்கும் இடத்தோடு பிணைந்தது. இடம் பெயர்த்தால் எழுத்து எஞ்சும். பொருளில் ஒரு பகுதி அழியும். இவ்வுண்மையைப் போற்றி எழுந்த கட்டடம் ஒன்றனை ஈண்டுக் காண்போம்.

சீன நாட்டு யாங்சி ஆற்றில், ஃபூலிங் நகரை ஒட்டி, ஏறத்தாழ 1,600 மீட்டர் நீளமுள்ள பாறைத்தொடர் ஒன்று உள்ளது. பைஹெலியாங், அதாவது வெண்கொக்கு மேடு என்பது அதன் பெயர். ஆண்டின் பெரும்பகுதியும் நீருள் மறைந்திருந்து, ஆறு வற்றும் குளிர்காலத்தில்தான் அது தலைகாட்டும். அக்காலங்களில் நீர்மட்டத்தைக் கற்றறிந்தோர் அதன்மேல் பொறித்துவைத்தனர். கி.பி. 763ஆம் ஆண்டு தொடங்கி, ஏறத்தாழ 1,200 ஆண்டுகளின் குறைநீர் வரலாறு அங்கே உள்ளது. கவிஞர் ஹுவாங் டிங்ஜியானின் பொறிப்பும் அவற்றுள் ஒன்று. செதுக்கிய மீன்களே அளவுகோல். கல்மீன் வெளிப்பட்டால் விளைச்சல் பெருகும் என்பது மக்கள் நம்பிக்கை.

மூன்று பள்ளத்தாக்கு அணையின் நீர்த்தேக்கம் 2003இல் நிரம்பத் தொடங்கியது. பாறை ஏறத்தாழ 40 மீட்டர் ஆழத்தில் நிலையாக மூழ்கும் நிலை வந்தது. பாறையை வண்டலுக்கு விட்டுவிட்டுக் கரையில் படி எடுத்துவைக்கலாம் என்றனர் சிலர். உலர்ந்த கூடம் அமைப்பின், வெளிநீரின் பேரழுத்தம் முழுவதையும் அதன் கூரையே தாங்கவேண்டும்.

பொறியியல் அறிஞர் கே சியூருன் கூறிய வழி எளியது; நுட்பமானது. பாறையின்மேல் கான்கிரீட் கவிகை ஒன்றை அமைத்து, அதனுள் வடிகட்டிய ஆற்றுநீரையே நிரப்புவது. உள்நீரும் வெளிநீரும் ஒத்த அழுத்தம் உடையனவாதலின், கவிகைமேல் பளு ஏறாது. பாறையும் தனக்குப் பழகிய நீரிலேயே கிடக்கும். கலங்கல் நீங்கியதால் எழுத்தும் புலப்படும். பார்வையாளர் மட்டும் அழுத்தம் தாங்கும் எஃகுக் குழாய் வழியில் நின்று, வட்டக் கண்ணாடிச் சாளரங்கள் வாயிலாகக் காண்பர். கரையிலிருந்து நீண்ட சரிவுச் சுரங்கத்தில், நகரும் படிக்கட்டு அவர்களைக் கீழே கொண்டுசெல்கிறது. ஆழத்தை உடலே உணர்ந்த பின்னர்தான் கண் எழுத்தைக் காண்கிறது. 2009இல் இக்கூடம் திறக்கப்பெற்றது.

இழப்பே இல்லை என்று கூறவியலாது. கல்மீன் இனி நீர்மேல் எழாது; ஆற்றை அளக்கும் அதன் பணி முடிந்தது. ஆயினும் முன்னோர் பொறித்த இடத்திலேயே எழுத்து நிற்கிறது. அன்று பாறை மனிதரை நோக்கி மேலே வந்தது. இன்று மனிதர் அதனை நாடிக் கீழே செல்கின்றனர். கற்க விரும்புவோர் இறங்கிச் செல்வது முறைதானே!